மண்ணெண்ணெயில் ஓடிய ஆஸ்டின்

கேள்வி: போர்க்காலத்தில் சாதாரணக் காரை மாற்றியமைத்து உதவிக்கு ஓட்ட முடியுமா? நம்மவர்கள் செய்ததுண்டா?
(வாசகர், ஜாலான் புசார், சிங்கப்பூர்)

பதில்: செய்திருக்கிறார்கள். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் தடைபட்டபோது, பழைய ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். எஞ்சின் ஆயில் சீக்கிரம் நீர்த்துப்போகும். ஆனாலும் பிரசவ வலி கண்ட பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தவை அத்தகைய கார்கள்தாம். அவற்றை ஓடவைத்த மெக்கானிக்குகளை நான் மனதார வணங்குகிறேன்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நல்லெண்ணத்தில்கூட உங்கள் காரில் செஞ்சிலுவைச் சின்னத்தை நீங்களாக வரைந்துவிடாதீர்கள். ஜெனீவா ஒப்பந்தப்படி அது அனுமதி பெற்ற மருத்துவ வாகனங்களுக்கு உரியது. கண்டபடி பயன்படுத்தினால் உண்மையான ஆம்புலன்சின் பாதுகாப்பும் குலையும்.