வாடகைக்கு விடும் முன்: எதைச் செய்யலாம், எதை விடலாம்?

மாடியும் கீழுமாக உள்ள வரிசை வீட்டை வாடகைக்கு விடப்போகிறீர்களா? பெயின்டரை அழைக்க அவசரப்படாதீர்கள்.

1. முதலில் மொட்டை மாடியில் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். ஓதம் ஏறிய சுவருக்கு எவ்வளவு விலையுள்ள பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு உரிந்துவிடும். குளியலறைத் தரையிலும் ஒரு வாளி ஊற்றுங்கள். மூலையில் தேங்கினால் வாட்டம் சரியில்லை.

2. எர்த்தும் வயரிங்கும் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய மெல்லிய வயரில் ஏசி மாட்டினால் சூடேறும்.

3. எல்லா அறைக்கும் ஒரே வெளிர் நிறம் அடியுங்கள், ஷேட் எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை டச்-அப் போதும்.

4. மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் ஆசையா? கணக்குப் போடுங்கள். 60,000 ரூபாய் செலவழித்து வாடகை மாதம் 1,000 கூடினால், போட்ட பணம் திரும்ப 5 ஆண்டு ஆகும். அதற்குள் கதவெல்லாம் தொங்கிவிடும்! கொசுவலை, துணிக்கொடி, லாஃப்ட் இருக்கட்டும். குடிவருபவருக்கு அன்றாடம் உதவுவது அவைதான்.

5. வரிக்காகச் செலவை ஏற்றாதீர்கள். பழுதுபார்ப்புக்கு எவ்வளவு ஆனாலும் வாடகை வருமானத்தில் நிலையான கழிவு 30 சதவீதம்தான்.

6. சாவி கொடுக்கும் முன் அறை அறையாகப் போட்டோ எடுங்கள். அட்வான்ஸில் பிடித்தம் செய்யும்போது தகராறு வராது.