ஆமைக்கு என்ன உணவு?

மாதேஸ்வரன் மலையைச் சுற்றிலும் காடு. முன்பு இது மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. 2013இல் இந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம் ஆனது.

மலையடிவாரத்தில் ஓர் ஊர். ஆடு மேய்க்கப் போன பையன் ஒரு குட்டி ஆமையை எடுத்து வந்தான். கறுப்பு ஓடு. அதில் நட்சத்திரம் போல மஞ்சள் கோடுகள். அவன் தங்கைக்கு அதை மிகவும் பிடித்துவிட்டது. மூங்கில் கூடையில் போட்டு அடுப்படியில் வைத்தாள். தினமும் சோறும் பாலும் வைத்தாள்.

ஆறு மாதம் ஆயிற்று. ஆமை நடக்கவில்லை. ஓட்டைத் தொட்டால் விரல் அமுங்கியது. சிறுமி அழுதாள். பாட்டி ஆமையை எடுத்துக்கொண்டு வனக்காவலரிடம் போனார்.

“தம்பி, வேளை தவறாமல் சோறு வைத்தாளே! ஏன் இப்படி ஆயிற்று?”

“இது நட்சத்திர ஆமை, பாட்டி. புல்லும் இலையும் தின்னும். சோறு வயிற்றை நிரப்பும். ஓட்டை வளர்க்காது.”

“பாலில் சத்து இல்லையா?”

“நமக்கு உண்டு. ஆமைக்குட்டி முட்டையிலிருந்து வருகிறது. தாய்ப்பால் குடிப்பதில்லை. அதற்குப் பால் செரிக்காது.”

ஆமையின் ஓடு வெறும் மூடி அல்ல. அது எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்பும் ஓட்டோடு சேர்ந்தே இருக்கின்றன. எலும்பு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்தச் சத்து உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். வெயில் பட்டால்தான் அது உடம்பில் உண்டாகும். இருட்டுக் கூடையில் வெயில் ஏது?

காட்டில் ஆமை வெயில் காயும். புல், இலை, பூ தின்னும். உதிர்ந்த பழமும் சப்பாத்திக்கள்ளியும் தின்னும். ஒரே உணவைத் தின்பதில்லை. அந்தப் புதர்க்காடுதான் அதன் சமையலறை.

“இனி இலை போட்டு வளர்க்கலாமா, அண்ணா?” என்று சிறுமி கேட்டாள்.

“கூடாது அம்மா. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டில் வைப்பது குற்றம். முதலில் மருத்துவர் பார்க்கட்டும். ஓடு கெட்டியாகப் பல மாதம் ஆகும்.”

சிறுமி கூடையை அவரிடம் கொடுத்தாள்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள் சிலர். ஆமை வந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள் சிலர். அதை நம்பிக் காசு கொடுத்து வாங்குவோரும் உண்டு. அதனால் நட்சத்திர ஆமைகளைப் பிடித்து வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள். காட்டில் பிடித்த நட்சத்திர ஆமையை நாடு விட்டு நாடு விற்க 2019 முதல் உலக அளவில் தடை உள்ளது.

ஆமையால் வீட்டுக்குக் கேடு இல்லை. வீட்டில் அடைத்தால் ஆமைக்குத்தான் கேடு.

நினைவில் வைப்போம்

• காட்டில் ஆமையைக் கண்டால் எடுக்க வேண்டாம்.
• வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்போம். வேறு இடத்தில் விட வேண்டாம்.
• அதுவரை அருகம்புல், செம்பருத்தி இலை, பூ கொடுக்கலாம். தட்டையான தட்டில் கொஞ்சம் தண்ணீர் வைக்கலாம். காலை வெயில் படட்டும். ஒதுங்க நிழலும் இருக்கட்டும்.
• சோறு, பால், ரொட்டி, இறைச்சி வேண்டாம்.

பதில் எழுதுங்கள்

1. ஆமையின் ஓடு ஏன் அமுங்கியது?
2. ஆமைக்கு வெயில் ஏன் தேவை?
3. உங்கள் ஊரில் ஆமை வளர்க்கிறார்களா? அவர்களிடம் என்ன சொல்வீர்கள்?