எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது
(அயர்லாந்து மாட்டிறைச்சி வணிகம் தரும் பாடம்)



நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் மளிகையும் தானியமும் எண்ணெயும் விற்பவர்கள். இறைச்சி நம் கடைச் சரக்கு அன்று. ஆயினும் இம்மாதப் பாடத்திற்கு அயர்லாந்து நாட்டின் மாட்டிறைச்சி வணிகத்தை எடுத்துக் கொண்டுள்ளோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை சரக்கில் புகுந்துவிட்டால் விலை என்ன ஆகும், யார் தப்புவார், யார் முழுகுவார் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் தொழில் வேறு இல்லை.

கன்று முதல் ஆலை வரை

அயர்லாந்தில் மக்கள்தொகை சுமார் ஐம்பது லட்சம். மாடுகளோ அதைவிட அதிகம். மழை மிகுந்த நாடு. புல் வளம் உண்டு. அங்கு உற்பத்தியாகும் மாட்டிறைச்சியில் பத்தில் ஒன்பது பங்கு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. எனவே வாங்கும் நாட்டான் முகம் சுளித்தால், சரக்கைத் திருப்பிவிட உள்ளூர்ச் சந்தை கிடையாது.

ஒரு மாடு பெரும்பாலும் ஒரே விவசாயியிடம் பிறந்து வளர்ந்து முடிவதில்லை. மேற்குப் பகுதிச் சிறு பண்ணையில் வசந்தத்தில் பிறக்கும் கன்று, பால் மறந்தபின் சந்தைக்கு வரும். அதை வாங்குபவர் ஓராண்டு வளர்த்து, கிழக்கே மீத், கில்டேர் போன்ற வளமான மாவட்டத்துக்காரருக்கு விற்பார். அவர் தீவனம் கொடுத்துக் கொழுக்க வைத்து இறைச்சி ஆலைக்கு அனுப்புவார். நம் ஊரில் நெல் களத்திலிருந்து தரகர், மண்டி, ஆலை என்று கைமாறுவது போலத்தான். கைமாறும் இடமெல்லாம் லாபம் உண்டு. நோய் மாறும் வாய்ப்பும் உண்டு.

தீவன மூட்டையில் வந்த நோய்

1986 நவம்பரில் பிரிட்டனில் மாடுகளுக்கு ஒரு புதிய மூளை நோய் கண்டறியப்பட்டது. மாடு தள்ளாடும், மிரளும், விழும், மாளும். பத்திரிகைகள் இதைப் பைத்தியப் பசு நோய் என்றன. இது மூச்சால் பரவவில்லை, கொசுவால் பரவவில்லை. தீவன மூட்டையில் வந்தது.

அறுப்புக்கூடத்துக் கழிவுகளையும் இறந்த கால்நடைகளையும் வேகவைத்து, கொழுப்பைப் பிரித்தெடுத்து, மீந்ததை உலர்த்திப் பொடியாக்கி, மலிவான புரதச் சத்து என்று கலப்புத் தீவனத்தில் சேர்த்து வந்தார்கள். நோயுற்ற மாட்டின் பகுதி அந்தப் பொடியில் சேர்ந்து, புல் தின்னும் மாட்டின் வயிற்றுக்கே திரும்பிப் போயிற்று. நோய்க்குக் காரணமான புரதம் சாதாரணச் சூட்டில் அழிவதில்லை. தீவனம் தின்ற மாட்டுக்கு நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும். மூட்டையை விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. தெரியவந்தபோது ஐந்தாண்டுச் சரக்கு விற்றுத் தீர்ந்திருந்தது.

பிரிட்டன் 1988-லேயே இந்தப் பொடியை மாட்டுத் தீவனத்தில் சேர்ப்பதைத் தடை செய்தது. ஆனால் கைவசம் இருந்த சரக்கும், பன்றி, கோழித் தீவனத்தோடு நேர்ந்த கலப்பும் நோயைத் தொடரச் செய்தன. பிரிட்டனில் மொத்தம் 1,80,000-க்கு மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதியாயிற்று. அயர்லாந்தில் முதல் நோய் மாடு 1989-இல் தெரிந்தது. அங்கே ஒரு மாட்டுக்கு நோய் என்றால் அந்தப் பண்ணை மந்தை முழுவதையும் அழித்துவிடும் முறையைக் கைக்கொண்டார்கள். அங்கு மொத்த எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தொடவில்லை.

1996: வாய்வார்த்தைக்கு விழுந்த அடி

1990-இல் பிரிட்டனின் விவசாய அமைச்சர் ஜான் கம்மர், மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று காட்டப் புகைப்படக்காரர்கள் முன்னிலையில் தம் சிறு மகளுக்கு ஓர் இறைச்சி பர்கரை ஊட்ட முயன்றார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1996 மார்ச் 20 அன்று, சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில், மனிதருக்கு வந்துள்ள ஒரு புதுவகை மூளை நோய்க்கு இந்த மாட்டு நோயோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று அறிவித்தார். ஒரே வாரத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டிஷ் மாட்டிறைச்சி ஏற்றுமதியை உலகம் முழுவதற்கும் தடை செய்தது. அந்தத் தடை படிப்படியாகத் தளர்ந்து முழுதாக நீங்க 2006 மே மாதம் ஆயிற்று. பிரிட்டனில் அந்நோய்க்கு 178 மனித உயிர்கள் பலியாயின.

அயர்லாந்து அண்டை நாடு. நோய் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆயினும் அடி விழுந்தது. ஐரோப்பாவெங்கும் மக்கள் மாட்டிறைச்சி வாங்குவதைக் குறைத்தார்கள். ரஷ்யா 1996-இல் அயர்லாந்தின் சில மாவட்டத்துச் சரக்கை வேண்டாம் என்றது. நல்ல மாடும் கெட்ட மாடும் ஒரே தொங்கு கொக்கியில் ஒரே மாதிரி தெரிந்தால், வாங்குபவன் இரண்டையும் ஒதுக்குவான். வணிகர்கள் இந்த இடத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பிரித்துக் காட்ட எழுத்து இல்லாதபோது, பக்கத்துக் கடைக்காரர் செய்த தவறுக்கும் நாம் பணம் கட்டுகிறோம்.

ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு சிட்டை

ஐரோப்பிய நாடுகள் இதற்குக் கண்ட வழி புதுமையானது அன்று. நம் பேரேட்டு முறைதான். கன்று பிறந்ததும் இரு காதுகளிலும் எண் பொறித்த அட்டை மாட்ட வேண்டும். அந்த எண்ணுக்கு ஒரு கடவுச்சீட்டு உண்டு. எங்கே பிறந்தது, தாய் எது, எந்தச் சந்தைக்கு எந்த நாள் போனது, எந்தப் பண்ணைக்கு வந்தது, எந்த ஆலையில் முடிந்தது என்பவை எல்லாம் அரசுக் கணினியில் பதிவாகும். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாட்டிறைச்சிப் பொட்டலத்தில் எந்த நாட்டில் பிறந்தது, எங்கு வளர்ந்தது, எங்கு அறுக்கப்பட்டது என்று அச்சிட்டாக வேண்டும்.

காசநோய்க்கும் இதே எழுத்துதான் காவல். அயர்லாந்தில் மாட்டுக் காசநோய் ஒழிப்புத் திட்டம் 1954-இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஒவ்வொரு மந்தைக்கும் கழுத்தில் ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்து வீக்கம் பார்ப்பார்கள். ஒரு மாடு தேறாவிட்டால் மந்தைக்கே பூட்டு. மீண்டும் இரு முறை மாடுகள் தேறும் வரை அந்த விவசாயி சந்தையில் ஒரு மாட்டைக்கூட விற்க முடியாது. எழுபது ஆண்டுகள் ஆகியும் நோய் முற்றாக ஒழியவில்லை. வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற காட்டு விலங்கும் அதைச் சுமப்பது ஒரு காரணம். ஒழியாவிட்டாலும் வணிகம் நடக்கிறது. எந்த மந்தை சுத்தம், எந்த மந்தை பூட்டில் என்பது எழுத்தில் இருப்பதே அதற்குக் காரணம்.

2001: எழுத்தை மீறிய ஆடுகள்

2001 பிப்ரவரியில் பிரிட்டனில் கோமாரி நோய் வெடித்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் பரவி, அறுபது லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் கொல்லப்பட்டன. பிரிட்டனின் கார்லைல் பகுதிச் சந்தையிலிருந்து நேரே அறுப்புக்கு என்று எழுதி அனுப்பிய செம்மறியாடுகளில் சில, வட அயர்லாந்தின் ஆர்மா மாவட்டப் பண்ணையொன்றில் இறக்கப்பட்டன. அங்கே நோய் கண்டது. மார்ச் 22 அன்று எல்லைக்கு இப்பால் லவுத் மாவட்டத்திலும் நோய் உறுதியாயிற்று.

அயர்லாந்து அரசு அப்பகுதிக் கால்நடைகளை உடனே அகற்றியது. சாலைகளில் கிருமிநாசினி விரிப்புகள் போடப்பட்டன. தேசியத் திருநாளான பாட்ரிக் திருநாள் ஊர்வலத்தையே டப்ளினில் தள்ளி வைத்தார்கள். லவுத்துக்குப் பிறகு அந்நாட்டில் வேறெங்கும் நோய் காணவில்லை. சீட்டில் ஒன்று, வண்டியில் ஒன்று என்றால் ஒரு நாட்டின் தொழிலே ஆடிப்போகும் என்பதற்கு இது சான்று.

ஆலை விலை: எழுத்துக்குக் காசு

ஆலை மாட்டை உயிர் எடையில் வாங்குவதில்லை. தோல், தலை, குடல் நீக்கிய எடைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கும். உடற்கட்டுக்கு ஈ, யூ, ஆர், ஓ, பி என ஐந்து தரங்கள். கொழுப்புக்கு 1 முதல் 5 வரை தரங்கள். நடுத்தரத்துக்கு அடிப்படை விலை. அதற்கு மேல் போனஸ், கீழே கழிவு. முப்பது மாதத்துக்குள் வயது, நான்கு பண்ணைக்கு மேல் மாறாதது, தரச்சான்று பெற்ற பண்ணையில் கடைசி நாட்கள் நின்றது ஆகியவற்றுக்கும் போனஸ் உண்டு. இவை மூன்றும் இறைச்சியைத் தொட்டுப் பார்த்துத் தெரிவன அல்ல. சிட்டையைப் பார்த்துத் தெரிவன.

2019 கோடையில் அடிப்படை விலை கிலோ மூன்றரை யூரோவை ஒட்டி இருந்தது. 350 கிலோ நிற்கும் மாட்டுக்குச் சுமார் 1,225 யூரோ. சிட்டை சரியாக இருந்தால் கிலோவுக்கு 12 சென்ட் போனஸ், அதாவது 42 யூரோ. அடக்க விலைக்கே கட்டவில்லை என்று விவசாயிகள் ஆலை வாசல்களில் மறியல் செய்தார்கள். செப்டம்பர் 15 அன்று ஏற்பட்ட உடன்பாட்டில் போனஸ் 20 சென்டாக உயர்ந்தது. அதே மாட்டுக்கு 70 யூரோ.

விவசாயிகளின் மனக்குறை ஒன்று நியாயமானது. முப்பது மாத வயது எல்லை பிரிட்டனில் நோய்க் காலத்தில் வந்தது. பிரிட்டன் அந்தச் சட்டத்தை 2005-இல் நீக்கியபின்னும் ஆலைகளும் பெரிய அங்காடிகளும் அதே எல்லையை விலைக்கு வைத்துக் கொண்டன. வாங்குபவர் சிலர், விற்பவர் பல்லாயிரம் என்ற நிலையில் நிபந்தனையை எழுதுபவர் கையில்தான் விலை இருக்கும். 2025-இல் மாடு குறைந்து தட்டுப்பாடு வந்தபோது அதே கிலோ 7 யூரோவைத் தாண்டியது. சிட்டை போனஸ் சில சென்டுகளை முடிவு செய்கிறது; பெரிய ஏற்ற இறக்கத்தைச் சரக்கு வரத்து முடிவு செய்கிறது. ஆனால் சிட்டை இல்லாதவனுக்கு ஏற்றத்திலும் பங்கில்லை. ஆலை வாசலே திறக்காது.

2013: பெயர்ச்சீட்டு ஒன்று, உள்ளே ஒன்று

2013 ஜனவரி 15 அன்று அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. மாட்டிறைச்சி என்று அச்சிட்ட 27 பர்கர் மாதிரிகளில் பத்தில் குதிரை மரபணு இருந்தது. ஒன்றில் இறைச்சியில் 29 சதவீதம் குதிரை. மாட்டின் காதில் எண் இருந்தது உண்மை. ஆனால் ஆலையைத் தாண்டி, துண்டு இறைச்சி தரகர் கைகளில் நாடு விட்டு நாடு போன இடத்தில் எழுத்து அறுந்திருந்தது. லட்சக்கணக்கான பொட்டலங்கள் அலமாரியிலிருந்து இறக்கப்பட்டன. எந்தப் பண்ணைச் சரக்கு என்று வாய்திறந்து சொல்ல முடிந்த உள்ளூர்ச் சிறு கசாப்புக் கடைகளில் கூட்டம் கூடியது.

நம் கடைக்கு

நம் அலமாரியிலும் மிளகாய்த்தூள், எண்ணெய், நெய், பருப்பு எல்லாம் பல கை மாறி வருபவையே. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006 இதைக் கடைக்காரர் தலையில் நேரடியாகவே வைக்கிறது. அதன் 27-ஆம் பிரிவுப்படி, சரக்கை யாரிடமிருந்து பெற்றோம் என்று அடையாளம் காட்ட முடியாவிட்டால் விற்றவரே பொறுப்பு. காலாவதித் தேதி கடந்து விற்றாலும் விற்றவரே பொறுப்பு. கலப்படம் செய்தவன் ஊரில் இல்லாமல் போகலாம். நம் கடை இருந்த இடத்தில்தான் இருக்கும்.

இப்பாடத்தில் நினைவில் கொள்ள வேண்டியவை:

1. பில் இல்லாத சரக்கு மலிவாகத் தெரியும். அதில் குறையும் விலை லாபம் அன்று. நாமே ஏற்றுக்கொண்ட ஆபத்தின் கூலி.

2. மூட்டை பிரித்துச் சில்லறைப் பொட்டலம் போடும்போது, தயாரிப்பாளர் பெயர், லாட் எண், தேதி மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. எழுத்து அறுபடும் இடம் பெரும்பாலும் இதுதான்.

3. இரண்டு லாட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டிக் கலக்க வேண்டாம். ஒன்றில் குறை வந்தால் இரண்டையும் எறிய வேண்டி வரும்.

4. குறை தெரிந்த சரக்கை அன்றே இறக்கி, மொத்த வியாபாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அயர்லாந்தில் மந்தை முழுவதையும் அழித்த விவசாயிக்கு அன்று கை நடுங்கியிருக்கும். அந்த நட்டம்தான் பின்னால் அவர் நாட்டுக்கு வாங்குவோரைத் திருப்பிக் கொண்டுவந்தது.

5. வாடிக்கையாளர் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் கடைப்பையனும் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள் பெரியவர்கள். பற்று வரவுக்கு மட்டும் சொன்ன சொல் என்று நினைத்திருந்தோம். சரக்கின் பிறப்புக்கும் பயணத்துக்கும் அது பொருந்தும். இன்று இரவு கல்லாவை எண்ணி முடித்தபின், அலமாரியில் ஏதேனும் ஒரு பொட்டலத்தை எடுத்து அது வந்த பில்லைத் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் கிடைத்தால் உங்கள் கடை சரியாக நடக்கிறது. கிடைக்காவிட்டால் நாளைக் காலையிலிருந்து குறிப்பேட்டைத் தொடங்குங்கள்.