சிகிச்சைக்கு வைத்திருக்கும் பணத்தைக் காப்போம்

2021-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் கோயம்புத்தூர் மாவட்டம் சென்னையையும் முந்தியது. அந்நாள்களில் ஆக்சிஜன் உருளைக்கும் ரெம்டெசிவிர் மருந்துக்கும் நாடெங்கும் மக்கள் அலைந்தனர். வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த எண்களுள் சில மோசடியாளர்களுடையவை. அழைத்தால் மறுமுனையில் ஒருவர் கனிவாகப் பேசுவார். முன்பணம் அனுப்பினால் உருளை விரைவில் வந்து சேரும் என்பார். பணம் சென்றதும் அந்த எண் அணைந்துவிடும். இவ்வாறு இழந்தோர் பல நகரங்களில் காவல்துறையை நாடினர்.

அவர்களிடம் குறைவாக இருந்தது அவகாசம். நோயாளியின் அருகில் இருப்பவருக்கு எக்காலத்திலும் அதுவே குறைவு. உறக்கம் கெட்டிருக்கும், மனம் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும், கணக்கிலோ நகையை அடகு வைத்துத் திரட்டிய தொகை இருக்கும். ஆகவே, இணையவழியில் பணம் செலுத்துவதிலும் பொருள் வாங்குவதிலும் கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளை, மருந்து உண்ணும் முறையைச் சொல்வதுபோல் இங்கே வரிசையாகச் சொல்ல விரும்புகிறோம்.

மோசடி வரும் வழிகள்

முதலாவது, போலித் தொலைபேசி எண். அன்னூரிலோ பொள்ளாச்சியிலோ வசிக்கும் ஒருவர் மருத்துவரைக் காண முன்பதிவு செய்ய எண்ணி, மருத்துவமனையின் பெயரைக் கைப்பேசியில் தேடுகிறார் என்று கொள்வோம். முதலில் தோன்றும் எண் மோசடியாளர் இட்டதாக இருக்கலாம். அழைத்தவரிடம், "பதிவுக் கட்டணம் பத்து ரூபாய்தான், நாங்கள் அனுப்பும் இணைப்பை அழுத்துங்கள்" என்பார்கள். அதை அழுத்தினால் ‘ஏபிகே’ எனப்படும் கோப்பு இறங்கி, ஒரு செயலியை நிறுவும். குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை அச்செயலிக்கு நாம் அளித்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நமக்குத் தெரியும் அதே நொடியில் அவர்களுக்கும் தெரியும். பத்து ரூபாய் வெறும் தூண்டில்.

இரண்டாவது, பணம் தருவதாகக் கூறிப் பணம் எடுப்பது. "காப்பீட்டுத் தொகை வந்துள்ளது, பெற்றுக்கொள்ள யு.பி.ஐ. பின் எண்ணை இடுங்கள்" என்பது இதன் வடிவம். பணம் பெறுவதற்குப் பின் எண்ணும் வேண்டியதில்லை, கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. இவ்விரண்டில் ஒன்றை எவரேனும் கேட்டால், நம் கணக்கிலிருந்து பணம் வெளியேறப் போகிறது என்று பொருள்.

மூன்றாவது, அச்சுறுத்தல். காவல்துறைச் சீருடை அணிந்த ஒருவர் வீடியோ அழைப்பில் தோன்றி, நம் ஆதார் எண் குற்றச் செயலில் பயன்பட்டதாகவும் நாம் ‘டிஜிட்டல் கைது’ செய்யப்பட்டிருப்பதாகவும் கூறுவார். இந்தியச் சட்டத்தில் அத்தகைய கைது கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தம் வானொலி உரையிலேயே இதைக் குறித்து மக்களை எச்சரித்தார்.

பேசுபவரின் மொழியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். "ஏனுங்க, நல்லா இருக்கீங்களா?" என்று நம் வட்டார வழக்கில் மரியாதையுடன் பேசுவதும், நோயாளியின் பெயரைச் சரியாகச் சொல்வதும், அவர் நம்பத் தக்கவர் என்பதற்குச் சான்றுகள் ஆகா.

பணம் செலுத்துமுன்

1. சிகிச்சைப் பணத்தை, யு.பி.ஐ. செயலியுடன் இணைக்காத தனிச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். அன்றாடச் செலவுக்குரிய தொகை மட்டும் கைப்பேசியுடன் இணைந்த கணக்கில் இருக்கட்டும். இழப்பு நேர்ந்தாலும் அது சிறிதாகவே இருக்கும்.

2. ஏ.டி.எம். அட்டையின் இணையவழிப் பயன்பாட்டை வேண்டாதபோது நிறுத்தி வையுங்கள். செலவு வரம்பையும் குறைத்து வையுங்கள். ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2020 அக்டோபர் முதல் இவ்வசதிகளை வங்கிகள் அளிக்கின்றன.

3. கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தபின் திரையில் தோன்றும் பெயரை வாசியுங்கள். மருத்துவமனைக்குச் செலுத்தும் பணம் மருத்துவமனையின் பெயருக்கே செல்ல வேண்டும். கட்டணத்தில் தள்ளுபடி பெற்றுத் தருவதாகக் கூறித் தம் சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொல்பவர் எவராயினும், விசாரணை மேசையில் தெரிவியுங்கள்.

4. வங்கியின் இணைய முகவரி ‘பேங்க் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபர் 31-க்குள் இம்முகவரிக்கு மாறுமாறு ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் பணித்தது.

5. ஓ.டி.பி., பின் எண், அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண் ஆகியவற்றை வங்கி ஊழியர் உட்பட எவரிடமும் சொல்லாதீர்கள். பார்வை மங்கிய பெரியவர்கள், உதவ முன்வரும் அறிமுகமற்றவரிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பணம் செலுத்தச் சொல்ல வேண்டாம்.

6. "ஐந்து நிமிடத்துக்குள் செய்யாவிட்டால்" என்று எவரேனும் அவசரப்படுத்தினால் அழைப்பைத் துண்டியுங்கள். அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

இணையத்தில் மருந்தும் கருவியும் வாங்கும்போது

மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இணையத்தில் விற்கும் நிறுவனம் தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் விவரம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். இவை இல்லாத தளத்தில் சக்கர நாற்காலியோ சர்க்கரை அளவிடும் கருவியோ வாங்க வேண்டாம். மருத்துவரின் சீட்டைக் கேட்காமலேயே, சீட்டின்பேரில் மட்டும் தரவேண்டிய மருந்துகளைத் தருவதாகக் கூறும் தளத்தையும் தவிருங்கள். விலையுயர்ந்த மருந்தைப் பாதி விலைக்குத் தருவோம் என்போரிடம் பணத்துடன் உடல்நலத்தையும் இழக்க நேரலாம். மருந்து வந்ததும் ரசீது, தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவற்றைச் சரிபாருங்கள். பொருளில் குறையிருந்து விற்றவர் செவிசாய்க்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

பணம் பறிபோனால்

மாரடைப்பில் முதல் மணி நேரம் எவ்வளவு அருமையானதோ, இதிலும் அவ்வளவே. திருடப்பட்ட பணம் ஒரு கணக்கில் தங்காது. சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து செல்லும். உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். அங்கே பதியும் புகார் தொடர்புடைய வங்கிகளுக்குச் செல்கிறது. எடுக்கப்படாமல் எஞ்சியுள்ள தொகையை அவை முடக்கி வைக்க இயலும். கணக்கு எண், இழந்த தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்திலும் புகார் பதியலாம்.

அத்துடன் வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண்ணைப் பெறுங்கள். ரிசர்வ் வங்கி 2017 சூலை 6 அன்று வகுத்த விதிப்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி மூன்றாம் தரப்பினரால் நேர்ந்த இழப்பை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. நாமே ஓ.டி.பி.யைச் சொல்லியிருந்தால், தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு நம்முடையது. தெரிவித்தபின் ஏற்படுவது வங்கியுடையது. எனவே, தவறு நம்முடையதாயினும் விரைந்து சொல்வதில் பயன் உண்டு.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

பணத்தை இழந்த முதியவர் அதைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூசலாம். செலவைக் குறைக்க எண்ணி, அன்றாடம் உண்ண வேண்டிய மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணவும் தொடங்கலாம். அது பண இழப்பினும் பெரிய இழப்பு. தொழிலில் தேர்ந்த இம்மண்ணின் மக்களே ஈமு கோழித் திட்டங்களை நம்பியதை, 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் கண்டோம். அந்நியச் செலாவணி வணிகம் என்று சொல்லித் திருப்பூர்ப் பாசி நிறுவனம் திரட்டிய பணம் குறித்த வழக்கில், 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஏமாறுதல் எவருக்கும் நேரும். தண்டனைக்கும் வெட்கத்துக்கும் உரியவர் ஏமாற்றியவரே.

ஆதலால், "எப்படி ஏமாந்தீர்கள்?" என்ற கேள்வியைப் பிறகு கேட்கலாம். "எப்போது நடந்தது? 1930-ஐ அழைத்தாயிற்றா?" என்பதே முதலில் கேட்க வேண்டியது. 1930 என்னும் எண்ணை இன்றே ஒரு தாளில் பெரிதாக எழுதி, மாத்திரைப் பெட்டியின் மூடியில் ஒட்டி வையுங்கள். நாளும் கண்ணில் படும் இடம் அது.