பாதரசமும் எலும்பும்

பாதரச தெர்மாமீட்டர் உடைந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வெள்ளி முத்துகளை உருட்டி விளையாடுவார்கள். விடக்கூடாது. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மூச்சில் இழுத்த ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதம் உடம்பிலேயே தங்கிவிடும். (1959-இல் வந்த டபிள்யூ.ஏ.எம்.-1 மின்சார எஞ்சின்களில் ஏ.சி.யை டி.சி.யாக்கிய இக்னிட்ரான்களுக்குள்ளும் இதே பாதரசம்தான்!)

நாள்பட்டால் கை நடுங்கும் என்பது பலருக்கும் தெரியும். எலும்புக்கு என்ன சம்பந்தம்? பாதரசம் அதிகம் போய்ச் சேருமிடம் சிறுநீரகம். வைட்டமின் டி-யை உடம்புக்கு உதவும்படி மாற்றுவதும், பாஸ்பேட் சிறுநீரில் வீணாகாமல் தடுப்பதும் அங்குள்ள நுண்குழாய்கள். அவை பழுதானால், எவ்வளவு பால் குடித்தாலும் எலும்பு இறுகாது.

பாதரசத்தின் பங்காளி உலோகமான காட்மியம் ஜப்பானில் இதைக் காட்டிவிட்டது. ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்தது. அந்த நீரில் விளைந்த அரிசியை வருடக்கணக்காக உண்ட பெண்களுக்கு இருமினாலே எலும்பு முறிந்தது. நோயின் பெயரே 'இதாய் இதாய்', அதாவது 'வலிக்குது, வலிக்குது'. மாசினால் வந்த நோய் என்று அந்நாட்டு அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது.

ஒரு தெர்மாமீட்டரால் எலும்பு போய்விடாது. பாதரசப் புகையிலேயே பிழைப்பு நடத்தும் பட்டறைத் தொழிலாளிக்குத்தான் பேராபத்து. ஆனாலும் வீட்டில் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். குளிரானாலும் சன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள்.