தளரும் நாடியும் தற்காலிக மின்தூண்டலும்

இராஜபாளையத்தினின்று ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரைக்குச் செல்லும் பெருவழி ஏறக்குறைய 85 கிலோமீட்டர் நீளமுடையது. நலமுடையார்க்கு இஃது ஓரிரண்டு மணி நேரப் பிரயாணம். நாடி நிமிஷத்துக்கு முப்பதாகத் தளர்ந்தவர்க்கோ கடத்தற்கரிய தூரம். அவ்வழி கடக்குமளவும் இருதயத்தை இயக்கும் உபாயம் ஒன்றனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இருதயம் பிறர் ஏவலால் துடிப்பதன்று. அதன் வலது மேலறையிலுள்ள சிறு கணு ஒன்று நிமிஷத்துக்கு 60 முதல் 100 முறை மின்னலையை எழுப்புகின்றது. 1907-ல் கீத், பிளாக் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்து வெளியிட்டனர். அவ்வலை நடுவிலுள்ள மற்றொரு கணுவின் வழியே கீழறைகளை அடையும். இவ்விடைவழி அடைபடின், மேலறைகள் ஒரு கதியிலும் கீழறைகள் வேறொரு மந்த கதியிலும் துடிக்கும். அறுபதுக்குக் குறைந்த நாடியெல்லாம் நோயன்று. உறங்குவோர்க்கும் ஓட்டப் பந்தயக்காரர்க்கும் ஐம்பது இயல்பே. மந்த நாடியோடு மயக்கமும், இரத்த அழுத்தக் குறைவும், மூச்சுத் திணறலும் கூடுமாயின் அதுவே அபாயம்.

மாரடைப்பு இருதயத்தின் கீழ்ப்புறத்தைத் தாக்குங்கால் இவ்வடைப்பு நேர்வதுண்டு; அது பெரும்பாலும் சில நாட்களில் தானே நீங்கும். தென் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வைத்தியர் அடிக்கடி காணும் மற்றொரு காரணம் அரளி நஞ்சு. வேலியோரத்தே அழகாகப் பூத்து நிற்கும் மஞ்சளரளியின் நஞ்சு, டிஜிட்டாலிஸ் என்னும் இருதய மருந்தின் இனத்தது. நாடியை ஒடுக்கிக் குருதியிற் பொட்டாசியத்தையும் மிகுவிக்கும். இந்நஞ்சும் நாளடைவில் உடலைவிட்டு நீங்குவதே. ஆதலின், அந்நாள்வரை உயிரைத் தாங்குவதே இங்குக் காரியம்.

முதற்கண் அட்ரோபின் ஊசி இடுவர். அது பலியாதாயின், மார்பில் இரு பட்டைகளை ஒட்டித் தோலின் வழியே மின்சாரம் செலுத்துவர். பாஸ்டன் நகரத்து பால் ஜோல் 1952-ல் காட்டிய முறை இது. தசைகள் வெட்டி இழுப்பதால் நோயாளிக்கு வேதனை மிகுதி. மயக்க மருந்து வேண்டும். திரையிற் கோடு துள்ளுவதைக் கண்டு மகிழ்தல் பேதைமை. கழுத்துத் தசையின் துள்ளல் நாடிபோலத் தோன்றி ஏமாற்றும். எனவே தொடையிடுக்கில் விரல் வைத்து மெய்யாகவே நாடி எழுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

இதனினும் உறுதியானது, 1958-ல் சீமூர் பர்மன் கையாண்ட முறை. கழுத்திலோ தொடையிலோ உள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை வலது கீழறைக்குச் செலுத்தி, வெளியே உள்ள சிறு பெட்டியோடு இணைப்பர். இருதயம் பணியும் மிகக் குறைந்த மின்னளவை முதலில் அறிந்து, அதனினும் இரண்டு மூன்று மடங்கு வைப்பர். முன்னாளில் இத்தகைய கருவி சுவர் மின்சாரத்தையே நம்பியிருந்தது. 1957-ல் மினியாபொலிஸ் நகரில் மின்சாரம் நின்றுபோன பின்னரே, ஏர்ள் பாக்கன் என்பவர் மின்கலத்தால் இயங்கும் கையடக்கக் கருவியைச் செய்தார். மின்தடை இன்னதென அறிந்த நம்மூரார்க்கு அவர் அருமை விளங்கும்!

எனினும் ஒன்று கூறுவோம். தூண்டல் நஞ்சை முறிக்காது. நஞ்சினால் கீழறைகள் தாறுமாறாய் நடுங்கத் தொடங்கின் இக்கம்பி உதவாது. டிஜாக்ஸினுக்கு எதிரான முறிமருந்து பயன்தரும் என்பதை இலங்கையில் நடந்து 2000-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ஆனால் அதன் விலை ஏழையர்க்கு எட்டாதது. ஆகவே காலமே பெருந்துணை. அக்காலத்தைப் பெரிதும் வீணாக்குவது மறைப்பு. மனம் நொந்தோர் நஞ்சுண்டதை, வழக்குக்கு அஞ்சி, வெறும் மயக்கமென வீட்டார் கூறுவதுண்டு. 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அத்தகையோரைக் கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவரெனக் கருதித் தண்டனையினின்று விலக்கிற்று. 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலோ அப்பழைய பிரிவே இல்லை. உண்டது யாது, எப்பொழுது என்பதை அறிந்த வைத்தியர், நாடி இன்னும் தளராதிருக்கும்போதே மார்பில் பட்டைகளை ஒட்டி, கருவி அறிந்த ஒருவரை உடன் அனுப்பி, மதுரைக்கு வண்டி ஏற்றுவார்.