உப்பளத்து மின்கருவிகளும் பருவச் சோதனையும்

முத்தினால் புகழ்பெற்ற தூத்துக்குடிக் கடற்கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. இன்று இக்கரையோரத்து மக்கள் பல்லாயிரவருக்குப் பிழைப்பளிப்பது உப்பு. உப்பு விளைவில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு உரியது. அதில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. வேப்பலோடை, தருவைக்குளம், முத்தையாபுரம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி முதலிய ஊர்களின் அளங்களில், முன்பு ஏற்றம் செய்த வேலையைப் பெரும்பாலும் மோட்டார்களே செய்கின்றன.

இவற்றுள், இடம்விட்டு இடம் எடுத்துச் செல்லும் மின்மோட்டாரைப் பற்றியே நாம் இங்கு ஆராய்வோம். சுவரில் பதித்த கருவியைவிட இதற்குக் கேடு மிகுதி. வயர் வரப்பின்மேல் கிடந்து மிதிபடுகிறது; இழுபடுகிறது. உப்புக்காற்று மோட்டாரின் முனைப்பெட்டிக்குள் புகுந்து மெல்லிய உப்புப் படலமாகப் படிகிறது. அப்படலம் ஈரத்தை ஈர்த்துக்கொண்டு, மின்சாரம் இரும்புக் கூட்டுக்குக் கசிய வழி செய்கிறது. அக்கூட்டைத் தொடுபவரோ வெறுங்காலுடன் உப்புநீரில் நிற்கும் தொழிலாளி.

“பியூஸ் இருக்கிறதே” என்று சிலர் எண்ணலாம். இவ்வெண்ணம் தவறானது. மனித உடலில் ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே, பற்றிய கையை விடுவிக்க இயலாமற் போகக்கூடும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்து நீடித்தால் உயிருக்கே ஆபத்து. 15 ஆம்பியர் பியூஸ் என்பதோ 15,000 மில்லி ஆம்பியரைத் தடையின்றி விடும். பியூஸ் காப்பது வயரை, ஆளை அன்று. ஆளைக் காப்பதற்கு நல்ல எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பானும் வேண்டும்.

இவை சரியாக உள்ளனவா என்பதை மூன்று படிகளில் அறியலாம்.

முதற்படி, கண்ணால் பார்த்தல். இது நாள்தோறும், வேலை தொடங்குமுன், இணைப்பைக் கழற்றியபின் செய்யத்தக்கது. வயரின் மேலுறை கிழிந்துள்ளதா, நடுவில் ஒட்டுப்போட்டு நாடா சுற்றியிருக்கிறதா, பிளக் உடைந்துள்ளதா, பிளக் இல்லாமல் வயர் முனைகளை நேரே சொருகியிருக்கிறார்களா, எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்துள்ளதா என்று நோக்க வேண்டும். குறைகளிற் பல இப்பார்வையிலேயே வெளிப்பட்டுவிடும்.

இரண்டாம் படி, மின்கசிவுத் தடுப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறையேனும் அழுத்துதல். உடனே இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும். இல்லையேல் தடுப்பானை மாற்ற வேண்டும். ஆனால் இப்பொத்தான் தடுப்பானை மட்டுமே சோதிக்கிறது; எர்த் இணைப்பைச் சோதிப்பதில்லை என்பதை மறக்கலாகாது.

மூன்றாம் படி, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு கருவியால் அளத்தல். பிளக்கின் எர்த் முனையிலிருந்து மோட்டாரின் கூடுவரை தொடர்பு அறாமல் உள்ளதா என்று அவர் பார்ப்பார். பிறகு 500 வோல்ட் மெகர் கொண்டு மின்காப்பை அளப்பார். அது 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் மோட்டாரை ஓட்டலாகாது. திருப்புளி வடிவிலுள்ள டெஸ்டரை மட்டும் நம்புவதும் தகாது. உப்பளத்தின் வெயிலில் அதன் சிறு ஒளி கண்ணுக்குத் தெரியாமலே போகலாம்.

எப்போது சோதிப்பது? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அளங்கள் நீரில் மூழ்கி, மோட்டார்கள் கொட்டகையில் ஈரமேறிக் கிடக்கின்றன. தை, மாசியில் வேலை மீண்டும் தொடங்குமுன் ஒவ்வொரு மோட்டாரையும் அளந்து பார்ப்பதே முறை. எடுத்துச் செல்லும் மோட்டார்களின் வயர் கனத்த காப்புறை கொண்டதாகவும் சேதமுறாதவாறு காக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பது, 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே கூறப்பட்டதாகும்.

பிரிட்டனில் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, தொழிலிடத்து மின்கருவிகளைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோரைச் சார்ந்தது. சோதித்த கருவியில் தேதியிட்ட சீட்டு ஒட்டுவது அங்கே பரவிய வழக்கம். நாமும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மோட்டாரின் எண், சோதித்த நாள், கண்ட குறை, சோதித்தவர் கையொப்பம் ஆகியவற்றை எழுதி வைக்கலாம். இதற்குச் செலவு மிகக் குறைவு.

இப்பொறுப்பு அளத்து உரிமையாளருடையது. கூலிக்கு வந்தவருடையது அன்று. தொழிலாளருக்கு அறை வாடகைக்கு விடுவோரும், தாம் கொடுத்த மின்விசிறியையும் தண்ணீர் மோட்டாரையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும். ஊராட்சி மன்றங்கள் தம் குடிநீர் மோட்டார்களை முதலிற் சோதித்து வழிகாட்டலாம். பின்னர், ஊரிலுள்ள அளக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் மின்பணியாளரை அழைக்கக் கிராம சபையில் ஏற்பாடு செய்யலாம்.

எவரேனும் மின்சாரத்தால் பற்றப்பட்டால், அவரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். உப்புநீரில் நனைந்த பலகையும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் அவரைத் தள்ள முயலக்கூடாது. ஆகவே சுவிட்ச் இருக்குமிடம் அளத்தில் வேலை செய்யும் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முத்துக்குளித்த நாளில், கடலுள் மூழ்கியவரின் உயிர் தோணியில் கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. இன்று பாத்தியில் இறங்கும் தொழிலாளியின் உயிர், மோட்டாருக்கு உரியவர் கையில் இருக்கிறது. இவ்வாண்டு முதல் உப்பு வாருமுன் அக்கடமையை நிறைவேற்றுவோமாக.